கியூ என்று நினைத்து நின்றேன்

இலங்கையில் எழுபதுகளில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆட்கள் வரிசையாக நிற்பதைக் கண்டால் கால் தானாகப் போய்க் கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றுவிடும். எதற்காக நிற்கிறார்கள் என்பதை நின்ற பிறகுதான் கேட்போம். பாண் என்று நாங்கள் சொல்லும் ரொட்டிக்கு, சீனிக்கு, துணிக்கு என்று கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் நின்றே எங்கள் குமர்ப் பருவம் போனது. விசாரித்துவிட்டு நிற்கலாம் என்று யோசித்தவர்கள் வெறும் பையோடு வீட்டுக்குப் போனார்கள். நான் ஒருநாளும் வெறும் பையோடு போனதில்லை. கியூவில் நிற்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது. அந்தக் கர்வம்தான் லண்டனில் என்னை ஒரு போராட்டத்துக்குள் கொண்டுபோய் விட்டது. தெரிந்திருந்தால் நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். தெரியாமல் போனதற்காக இன்றுவரை கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. என் கணவர் முதலில் லண்டனுக்கு வந்திருந்தார். நானும் மகளும் யாழ்ப்பாணத்தில் செல்லடிக்கும் ஹெலிகொப்டருக்கும் பயந்து காத்திருந்து, பிறகு வந்து சேர்ந்தோம். லண்டனின் தெற்கே தோர்ண்டன் ஹீத்தில், கவுன்சில் என்கிற நகரசபை தந்த கீழ்மாடி ஃபிளாட் ஒன்று கிடைத்தது. சுவரெல்லாம் ஈரம், ஜன்னல் ஒழுங்காக மூடாது. ஆனாலும் மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே படுத்த முதல் நாள், இனி எந்தக் காரணத்துக்காகவும் பிரிவதில்லை என்று மனதுக்குள் சபதம் எடுத்துக்கொண்டேன்.

அவர் விடியவே ஒரு தொழிற்சாலைக்குப் போய் மாலையில் வருவார். எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் மத்தியான ஷிப்ட், வியாழக்கிழமை லீவு. காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவேன். பின்னேரம் அவள் கழுத்தில் வீட்டுத் திறப்பை மாட்டிக்கொண்டு தனியே நடந்து வருவாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. தூரம் அதிகமில்லை, இடையில் ஒரு வளைவு மட்டும்தான். அந்த வளைவில் ஒரு குட்டிச்சுவர். அதில் வேலைவெட்டி இல்லாத வெள்ளைக்காரப் பொடியங்கள் சிலர் குந்தியிருப்பார்கள். முதலில் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிறகு கடிதம் போடும் துவாரத்தால் வீட்டுக்குள் குப்பை வந்தது. ஒரு நாள் நான் வேலையால் வந்தபோது மகள் நனைந்த தலையோடு கதிரையில் இருந்தாள். யாரோ அவள் பின்னலில் துப்பியிருக்கிறார்கள். குசினித் தொட்டியில் பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுத் தானே தலையைக் கழுவியிருக்கிறாள்.

அடுத்த நாளிலிருந்து அவளுக்கு வயிற்றுக்குத்து. பள்ளிக்கூடம் விடும் நேரம் நெருங்க நெருங்கக் குத்து கூடும் என்று ஆசிரியை சொன்னார். டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். லண்டனின் மறுகோடியில் ஹரோவில் இருக்கும் என் கணவரின் அக்கா, அதாவது என் மச்சாள், அன்றே போன் எடுத்தார். பிள்ளையைத் தன்னிடம் விடட்டுமாம். அங்கே அப்படிப்பட்ட கரைச்சல் இல்லையாம், வீடு பெரிதாம், சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கும் அனுப்பலாமாம். மச்சாள் தங்கமான மனுஷி, சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"கொஞ்ச நாளைக்குத்தானே. ஞாயிற்றுக்கிழமைகளில போய்ப் பாப்பம்," என்றார் கணவர்.

"நீங்களும் கொஞ்ச நாளைக்கு எண்டுதான் வெளிக்கிட்டு வந்தனீங்கள்," என்றேன். சொல்லியிருக்கக் கூடாதுதான், ஆனால் என் வாய் சும்மா இராது.

வீடு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம் என்று அந்த வியாழக்கிழமை கவுன்சிலின் வீட்டுப் பகுதிக் கந்தோருக்குப் போனேன். கவுன்சில் கட்டட வாசலிலிருந்து நடைபாதை நீளத்துக்குப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். கால் தானாகப் போய்க் கடைசியில் நின்றது. எனக்கு முன்னால் நின்றவர் நரைத்த தலையும் தடித்த கம்பளிக் கோட்டுமாக ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அவருக்கும் அவருக்கு முன்னால் நின்றவருக்கும் இடையில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்கு இடைவெளி. எங்கள் ஊரில் கியூவில் அப்படி இடம் விட்டால் நாலு பேர் நடுவில் புகுந்துவிடுவார்கள். இவர்களுக்கு நிற்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் அவருடைய கோட்டு முட்டும்படி நெருங்கி நின்றேன்.

அவர் மெல்ல ஓரடி முன்னுக்குப் போனார். கியூ நகர்கிறது என்று சந்தோஷப்பட்டு நானும் ஓரடி போனேன். அவர் இன்னும் ஓரடி போனார், நானும் விடவில்லை. இப்படியே கொஞ்ச நேரத்தில் அவரை அவருக்கு முன்னால் நின்றவரின் முதுகோடு ஒட்டிவிட்டேன். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. எல்லோர் வாயிலும் கொழுக்கட்டையோ என்று யோசித்தேன். பிறகுதான் கவனித்தேன், எல்லோரும் இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குக் குறுக்காகக் கறுப்புப் பட்டி போட்டிருந்தார்கள். ஏதோ ஒரு செத்தவீட்டிலிருந்து நேராக வந்திருக்கிறார்கள், பாவம் என்று நினைத்தேன்.

கடைசியில் அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த கவுன்சில் கடிதத்தையும் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, இது கியூ இல்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். ஒரு கறுப்பினக் குடும்பத்தின் கதவுக்கு யாரோ நெருப்பு வைத்துவிட்டார்கள், அவர்களுக்கு வேறு வீடு கொடுக்கும்வரை ஒவ்வொரு வியாழனும் இப்படி நிற்கிறோம் என்றார். வீட்டுக் கந்தோர் வாசல் அடுத்த பக்கத்தில் இருக்கிறது, ஆனால் இப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம், பூட்டியிருக்கும் என்றார். திறக்கும்வரை விரும்பினால் நிற்கலாம் என்று கைப்பையிலிருந்து இன்னொரு பட்டியை எடுத்து நீட்டினார். மழை தூறிக்கொண்டிருந்தது, போகவும் வேறு இடமில்லை. பட்டியைப் போட்டுக்கொண்டு சிவனே என்று நின்றேன். போராட்ட வாழ்க்கைக்கு நான் வந்து சேர்ந்த விதம் இதுதான்.

கந்தோர் திறந்ததும் அவர் என்னோடு உள்ளே வந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் இப்போதைக்கு வீடு ஒன்றும் இல்லை, திரும்ப ஏதாவது நடந்தால் வந்து சொல்லுங்கள் என்றார். என்ன நடந்தால் போதும் என்று அந்தப் பெண்மணி மரியாதையாகக் கேட்டார். வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பக்கத்துக் கடையில் ஒரு தேத்தண்ணி வாங்கித் தந்து, முழுக்கதையையும் கேட்டார். பின்னலில் எச்சில் என்று நான் சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் தென்னாபிரிக்காவில் பிறந்தவர். எங்கள் வீட்டில் அவரை அன்ரி என்றுதான் கூப்பிட்டோம், அதனால் இங்கும் அப்படியே சொல்கிறேன். கறுப்புப் பட்டியின் கதையை அன்று முழுவதுமாகச் சொல்லவில்லை. பிறகு வந்த வியாழக்கிழமைகளில், நின்று முடித்துத் தேத்தண்ணி குடிக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

ஐம்பதுகளில் அவர்களுடைய அரசாங்கம் கலப்பினத்தவர்களின் வாக்குரிமையைப் பறிக்க வெளிக்கிட்டதாம். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த சில வெள்ளைக்காரப் பெண்களுக்கு அது பொறுக்கவில்லை. அரசியலமைப்பு செத்துப்போய்விட்டது என்று துக்கம் காட்டக் கறுப்புப் பட்டி போட்டுக்கொண்டு தெருவில் நின்றார்கள். செத்தவீடு என்று நான் நினைத்தது அவ்வளவு பிழையில்லை. அமைச்சர்மார் போகுமிடமெல்லாம் இவர்களும் போனார்கள். ரயில் நிலையம், விமான நிலையம், திறப்பு விழா, எங்கே இறங்கினாலும் வாசலில் பட்டி போட்ட பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் நிற்பார்கள். அமைச்சர்மார் பின்வாசலால் போய்வரத் தொடங்கினார்களாம். அப்போது அன்ரிக்குக் கல்யாணமாகாத வயது. தாயோடு சேர்ந்து நிற்கப் போயிருக்கிறார்.

பிறகு காலம் இன்னும் கெட்டுப்போனது. ஆட்கள் கூடி நிற்பதே குற்றம் என்று ஆனதும், பெண்கள் கூட்டமாக நிற்பதை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் தூரத் தூர நின்றார்களாம். ஒரு ஆள் தனியே நிற்பதைக் கூட்டம் என்று எந்தச் சட்டத்தாலும் சொல்ல ஏலாதே. அதற்குள் அன்ரி கணவரோடு லண்டனுக்கு வந்துவிட்டார். ஊரில் மிஞ்சிய சிநேகிதிகள் கடிதத்தில் எழுதியதைப் பார்த்து இவரும் இங்கே இடைவெளி விட்டு நிற்கத் தொடங்கியிருக்கிறார். லண்டனில் அப்படியொரு சட்டம் இல்லை, ஆனாலும் அவர்கள் நிற்கிற மாதிரியே நிற்கவேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்துக்குள்தான் நான் கோட்டை முட்டிக்கொண்டு புகுந்திருக்கிறேன்.

"அப்ப அந்தச் சட்டத்தை நிப்பாட்டினீங்களோ?" என்று ஒரு நாள் என் உடைந்த இங்கிலீஷில் கேட்டேன்.

இல்லை என்றார். வாக்குரிமை போயே போய்விட்டது. அதற்குப் பிறகு இன்னும் எத்தனையோ போனது. பட்டி போட்ட பெண்கள் நிற்பதோடு விடாமல் ஒரு அறையைத் திறந்து, நகரத்தில் நடமாடும் அனுமதிச்சீட்டான பாஸ் இல்லை என்று பொலிஸ் பிடிக்கும் கறுப்பினப் பெண்களுக்கு வழக்குப் பேச உதவினார்கள். நூறு பேர் வந்தால் ஒன்றிரண்டு பேருக்குத்தான் ஏதாவது செய்ய முடிந்ததாம். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனைப் பசிக்குச் சோளப்பொரி என்று தமிழில் முணுமுணுத்தேன். அவர் அர்த்தம் கேட்டார். சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்துவிட்டுச் சொன்னதை நான் மறக்கவில்லை. வெள்ளைக்காரப் பெண்களை அடிப்பதற்கு எங்கள் பொலிஸுக்குக் கை கூசியது, கூசுகிறவரைக்கும் அந்த இடத்தில் நிற்க நாங்கள் கடமைப்பட்டவர்கள் என்றார். பெரிய வீரம் ஒன்றும் இல்லை, எங்களுக்கு நிற்க முடிந்தது, அதனால் நின்றோம் என்றார்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது யாழ்ப்பாணக் கச்சேரி, அதாவது அரசாங்க அதிபரின் கந்தோர், வாசலில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதை அவருக்குச் சொன்னேன். அவர்கள் குந்தி இருந்தார்களா நின்றார்களா என்று மிக அக்கறையாகக் கேட்டார். நிலத்தில் இருந்தார்கள் என்றேன். முழங்காலுக்கு அதுதான் நல்லது என்றார்.

வியாழக்கிழமைகளில் போய் நிற்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். எனக்குக் கஷ்டமாக இருந்தது ஒரே ஒரு விதிதான். யார் என்ன சொன்னாலும் திருப்பிப் பேசக்கூடாது. ஒரு நாள் போகிறவன் ஒருவன் என்னைப் பார்த்து உன் நாட்டுக்குப் போ என்றான். வழிச்செலவைத் தா போறேன் என்ற பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. விழுங்கிக்கொண்டேன். அந்தப் பதிலை இன்றுவரை யாருக்கும் சொல்ல வாய்க்கவில்லை, எனக்கு அதில் ஒரு குறைதான். நிற்கும்போது சாப்பிடவும் கூடாது. அதனால் நின்று முடிந்ததும் கொடுப்பதற்காக உறைப்பாக றோல்ஸ் பொரித்துக்கொண்டு போவேன். போராட்டத்துக்குப் பிறகு மிளகாய்க்குத் தண்ணீர் குடித்தே அந்தப் பெண்கள் களைத்துப் போவார்கள்.

இதற்கிடையில் ஒரு கல் எங்கள் ஜன்னலை உடைத்துக்கொண்டு மகளின் கட்டிலில் விழுந்தது. அவள் அப்போது கட்டிலில் இல்லை. கணவர் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளினார். பிறகு அலுமாரிக்கு மேலிருந்து சூட்கேஸை இறக்கினார். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த அதே சூட்கேஸ். பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் மகளை ஹரோவுக்குக் கொண்டுபோய் விடுவதென்று முடிவானது. இந்த முறை நான் எதிர்த்துப் பேசவில்லை. கட்டிலில் விழுந்த கல்லை நானும் கையில் எடுத்துப் பார்த்திருந்தேன்.

அடுத்த வியாழன் அன்ரியிடம் பட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். மகளைக் கொண்டுபோய் விடப்போகிறோம், இனி லீவு நாட்களில் ஹரோவுக்குப் போய் அவளோடு இருப்பேன், வர ஏலாது என்று சொன்னேன். உதவி கேட்டுச் சொல்லவில்லை. சொல்லாமல் வராமல் விடுவது மரியாதையில்லை என்றுதான் சொன்னேன். அவர் பட்டியை வாங்கவில்லை. பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடும் என்று கேட்டார். வீட்டுக்கு எந்த வழியால் வருவாள் என்று கேட்டார். மற்றப் பெண்களும் நெருங்கி வந்து கேட்டுக்கொண்டு நின்றார்கள். வளைவு எந்தப் பக்கம், சுவர் எந்தப் பக்கம் என்று நான் ஈரமான நடைபாதையில் குடை நுனியால் கீறிக் காட்டினேன்.

திங்கட்கிழமை ஷிப்டை மாற்றிக்கொண்டு வீட்டில் நின்றேன். மத்தியானத்துக்குப் பிறகு அன்ரி வந்து, நீங்கள் உங்கள் கதவடியிலேயே நில்லுங்கள், பிள்ளை வந்து சேருமிடத்தில் தாய் நிற்கவேண்டும் என்றார். அவர் பள்ளிக்கூட வாசலுக்குப் போனார். மற்றவர்கள் வழி நீளத்துக்கு ஒரு விளக்குக் கம்பத்துக்கு ஒருவராகப் பிரிந்து நின்றார்கள். எல்லோரும் பட்டி போட்டிருந்தார்கள். ஒருவர் கையில் ஷொப்பிங் பையோடு நின்றார், இன்னொருவர் பேரக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த வளைவுக்கு அப்பால் நடப்பது எனக்குத் தெரியாது. என் கண்ணுக்குத் தெரிந்த கடைசிப் பெண் வளைவு முனையில் குட்டிச்சுவருக்கு நேரே நின்றார். சுவரில் பொடியங்கள் இருந்தார்கள்.

பள்ளிக்கூட மணி கேட்டது. நான் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன். நல்லூர்க் கந்தனுக்கு வைக்காத நேர்த்தியெல்லாம் வைத்தேன். பொடியங்களின் சத்தம் கேட்டது, ஏதோ எறிவதும் தெரிந்தது. வளைவில் நின்ற பெண்ணின் கோட்டில் முட்டை உடைந்து மஞ்சளாக வடிந்தது. அவர் துடைக்கவில்லை, அசையவில்லை, அவர்களைப் பார்த்தபடியே நின்றார். ஓடிப்போய் அந்தப் பொடியனின் காதைத் திருகவேண்டும் போல் எனக்குக் கை துடித்தது. கதவடியில் நில்லுங்கள் என்று சொன்னதால் நின்றேன்.

பிறகு மகள் வளைவில் தெரிந்தாள். ஓடிவரவில்லை, நடந்து வந்தாள். ஒவ்வொரு பெண்ணையும் தாண்டும்போது நின்று நிமிர்ந்து பார்த்து ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். கிட்ட வந்த பிறகுதான் கேட்டது.

"ஹலோ அன்ரி," என்றாள் கடைசிக் கம்பத்தடியில் நின்றவரிடம். எங்கள் பிள்ளைகள் வயதில் மூத்த எந்தப் பெண்ணைக் கண்டாலும் அன்ரி என்பார்கள். வழி முழுக்க அத்தனை வெள்ளைக்காரிகளையும் கறுப்பினப் பெண்களையும் உறவு சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். நிற்கும்போது பேசக்கூடாது என்ற விதியை அன்று அவர்கள் எல்லோரும் மீறிவிட்டார்கள். ஹலோ என்று சொல்கிற பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் எப்படி இருப்பது?

பள்ளிக்கூட வாசலில் அன்ரி என்ன சொன்னார் என்று மகளிடம் கேட்டேன். ஓடவேண்டாம், மெதுவாக நட, நாங்கள் நிற்கிறோம் என்று மட்டும் சொன்னாராம். வேறு ஒன்றும் சொல்லவில்லையாம். அன்று அவளுக்கு வயிற்றுக்குத்து இல்லை. அதை அவளே கவனிக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

நான் வேலைக்குப் போன மற்ற நாட்களிலும் அவர்கள் நின்றார்கள். முறை வைத்துக்கொண்டு, மழையிலும் நின்றார்கள். பொடியங்கள் உடனே திருந்திவிட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். இன்னும் சில முட்டைகள் உடைந்தன. ஆனால் பதில் பேசாத பெண்களைத் திட்டுவதும் சலிக்கும்தானே. நாளடைவில் சுவர் வெறுமையாகக் கிடந்தது. முட்டை எறிந்தவனின் தாய் ஒரு நாள் தன் கதவைத் திறந்து, அங்கே நின்ற பெண்ணுக்கு ஒரு கதிரை கொண்டுவந்து வைத்தாராம். எல்லாவற்றிலும் எனக்கு நம்ப முடியாமல் இருந்தது அதுதான்.

விடுமுறை நெருங்கியபோது மச்சாள் போன் எடுத்து, பிள்ளைக்குக் கட்டில் வாங்கிவிட்டேன், எப்ப கூட்டிக்கொண்டு வாறியள் என்று கேட்டார். கணவர் ரிசீவரைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தார். சூட்கேஸ் அறை மூலையில் திறந்தபடி கிடந்தது, மகளின் சட்டைகள் பாதி உள்ளே இருந்தன.

"அக்கா, குறை நினையாதேங்கோ. பிள்ளை எங்களோடையே இருக்கட்டும்," என்றார். போனை வைத்துவிட்டு வந்து, "நீர் சட்டையளை எடுத்து அலுமாரிக்க வையும்," என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சட்டைகளை எடுத்து வைத்தேன், பார்த்தால் அழுதிருப்பேன். அவரும் பக்கத்தில் குந்தி மிச்சத்தை மடித்துத் தந்தார். அந்தக் கட்டில் வீணாகவில்லை, பிறகு வந்த பொங்கலுக்கு நாங்கள் ஹரோவுக்குப் போனபோது நான்தான் அதில் படுத்தேன்.

ஒரு நாள் மகளே சொன்னாள், இனி ஒருவரும் நிற்கவேண்டாம், நான் தனியே வருவேன் என்று. அன்ரியிடம் நேராகப் போய்ச் சொன்னாள். அன்ரி அவளுக்குக் கை கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் வேறு தெருவில், வேறு பிள்ளைக்காக நின்றார்கள். அதில் நானும் ஒரு விளக்குக் கம்பத்தடியில் நின்றேன். தோர்ண்டன் ஹீத்திலிருந்து இன்னும் சில தமிழ்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாளே எல்லோரும் ஒருவரோடு ஒருவர் நெருங்கி ஒட்டி நின்றார்கள். தள்ளி நில்லுங்கோ, இது கியூ இல்லை என்று நான் பெரிய அனுபவசாலி மாதிரிச் சொன்னேன்.

தொண்ணூறுகளில் அன்ரியின் நாட்டில் காலம் மாறியது. சிறையில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். அங்கே பட்டி போட்ட பெண்கள் பட்டியைக் கழற்றி வைத்தார்கள் என்று ஊரிலிருந்து கடிதம் வந்ததாம். அன்ரி அதை எனக்கு வாசித்துக் காட்டினார். பிறகு எல்லா நிறத்தவரும் வாக்களிக்கும் முதல் தேர்தல் வந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களும் வாக்களிக்கலாம் என்று அறிவித்தார்கள். ட்ரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கும் அவர்களுடைய தூதரகத்துக்குத் துணைக்கு வரமுடியுமா என்று அன்ரி கேட்டார். அவருக்கு முழங்கால் மோசமாகிவிட்டிருந்தது. பத்து வருடமாகக் கம்பத்தடியில் நின்ற முழங்கால் அது. நான் லீவு போட்டேன், உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகளும் வந்தாள்.

கட்டடத்தைச் சுற்றிக் கியூ நின்றது. அப்பாடா, அதைப் போன்ற ஒரு கியூவை நான் சங்கக்கடையில் கூடக் கண்டதில்லை. ஆட்கள் பாடினார்கள், ஆடினார்கள், முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்தார்கள். நாங்கள் கடைசியில் போய் நின்றோம். கொஞ்ச நேரத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். அன்ரி ஒவ்வொரு கறுப்பினத்தவரையும் பார்த்து, நீங்கள் போங்கள், நீங்கள் முதலில் போங்கள் என்று வழிவிட்டுக்கொண்டிருந்தார். கியூவில் கிடைத்த இடத்தை யாராவது கொடுப்பார்களா? என் பொறுமை போய்விட்டது.

"அன்ரி, இப்படி நிண்டால் விடிஞ்சாலும் உள்ளுக்குப் போக ஏலாது," என்றேன். அவசரத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டேன், மகள்தான் மொழிபெயர்த்தாள்.

எனக்கு வாக்களிக்க உரிமை எப்போதும் இருந்தது, இவர்களுக்கு இன்றைக்குத்தான், இவர்கள் போகட்டும் என்றார் அன்ரி. பின்னேரம் ஆகிக்கொண்டிருந்தது. அவருடைய முழங்கால் நடுங்குவது கோட்டுக்கு மேலாலும் தெரிந்தது. பின்னால் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒரு வயதான கறுப்பின மனிதர் நின்றார். அன்ரி அவருக்கும் வழிவிட்டார். அவர் போகவில்லை. தலையை ஆட்டி, நீங்கள் போங்கள், நான் உங்களுக்குப் பின்னால் வருகிறேன் என்றார். அன்ரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முன்னால் இடம் திறந்து கிடந்தது, கால் எடுத்து வைக்காமல் நின்றார். அவர் அழுவதை அன்றுதான் நான் கண்டேன்.

மகள் அவருடைய கையைப் பிடித்தாள்.

"ஓடவேண்டாம் அன்ரி," என்றாள் இங்கிலீஷில். "மெதுவாக நடங்கள். நாங்கள் நிற்கிறோம்."

அன்ரி அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நடந்தார். வாசல்வரை மகள் கூடப் போனாள், உள்ளே அவர் தனியே போனார். நான் என் இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அங்கே வாக்கு இல்லை, அந்தக் கியூவால் நான் பெறவேண்டியது ஒன்றும் இல்லை. அந்த மனுஷி இல்லாவிட்டால் என் பிள்ளை என் கையில் வளர்ந்திருக்க மாட்டாள் என்பது மட்டும் தெரிந்தது.

புதிதாக வந்த ஒரு பெண் என் தோளைத் தொட்டு, இதுதான் கியூவா என்று கேட்டார். ஓம், இதுதான் என்று சொல்லிவிட்டு, அவர் நிற்பதற்கு என் இடத்தைக் கொடுத்தேன்.